ஒரு நட்சத்திரத்தை அழிக்கும் வேலை

நாற்பத்திரண்டு வயதில் ஒருத்தி பயிற்சிக்குச் சேர்ந்தால் ஊர் என்ன சொல்லும்? ஊரை விடுங்கள், வீட்டிலேயே சிரித்தார்கள். "அம்மா, என் கிளாஸ்ல பாதிப் பேரு இன்டர்ன்தான். நீயும் இன்டர்னா?" என்று கல்லூரியில் படிக்கும் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கத்துக்குட்டி, டிபன் பாக்ஸ் எடுத்துக்கிட்டியா?" என்று கணவர் தினமும் காலையில் வாசலில் நின்று கேட்டார். கேட்டாரே தவிர, அந்த டிபன் பாக்ஸை ஒருநாளாவது கட்டிக்கொடுத்தாரா என்றால் அதுதான் இல்லை.

ஆனாலும் அவள் விடவில்லை. இருபது வருஷம் அடுப்படியில் நின்றவளுக்கு, தனக்கென்று ஒரு நாற்காலி, ஒரு மேஜை, கழுத்தில் ஓர் அடையாள அட்டை வேண்டும் என்று ஆசை. கல்யாணத்துக்கு முன்னால் படித்த படிப்பைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு எத்தனையோ இடத்துக்கு எழுதிப் போட்டாள். பதில் வந்தது ஒரே ஒரு பெரிய மருத்துவமனையிலிருந்து. விளம்பரம் மற்றும் மக்கள் தொடர்புப் பிரிவில் ஆறு மாதம் பயிற்சி. திருப்தியாகச் செய்தால் வேலை நிரந்தரம். அந்தக் கடைசி வரியை மட்டும் அவள் எத்தனை தடவை படித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

விளம்பரப் பிரிவு என்றதும் கண்ணாடி அறையும் மெத்தை நாற்காலியும் என்று நினைத்துவிடாதீர்கள். தரைக்குக் கீழே, சலவைக்கூடத்துக்குப் பக்கத்து அறை. ஜன்னல் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகள் சுழன்றுகொண்டிருக்கும் சத்தம். மொத்தம் மூன்று பேர். பிரிவுத் தலைவி, அவளைவிடப் பத்து வயது சின்னவள், எல்லோருக்கும் மேடம். சுவரொட்டி, பதாகை எல்லாம் வரைகிற ஆள், பச்சை என்றால் பதினாறு பச்சை காட்டுவதால் அவனுக்குக் கலர் என்று பெயர். மூன்றாவது இவள். முதல் நாளே கலர் "இன்டர்ன் அக்கா" என்று கூப்பிட்டான், அதுவே நிலைத்துவிட்டது.

முதல் மாதம் நன்றாகத்தான் போனது. மருத்துவர்களின் பட்டங்களைச் சரிபார்ப்பாள், உலக இருதய நாளுக்கு நாலு வரி எழுதுவாள். மாடிகளில் எல்லா நடைபாதையிலும் தொங்குகிற டிவிகளில் ஓடுவதற்கு ஒரு விளம்பரப் படம் எடுத்தார்கள். குரல் கொடுக்க வரவேண்டிய பெண் வரவில்லை. "அக்கா, சும்மா ஒரு தடவ படிங்களேன்" என்றாள் மேடம். படித்தாள். "இங்கே நீங்கள் தனியாக இல்லை. நாங்கள் இருக்கிறோம்." கலர் வரைவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். மேடத்தின் முகத்தில் புதையல் கிடைத்த களை.

அன்றைக்குப் பிடித்தது சனி.

மருத்துவமனைக்கு வந்துபோனவர்கள் போனிலே நட்சத்திரம் போடுகிறார்கள் அல்லவா, பிடித்தால் ஐந்து, பிடிக்காவிட்டால் ஒன்று? அந்த ஒற்றை நட்சத்திரக்காரர்களைத் தேடிக் கண்டுபிடித்து, போனில் கூப்பிட்டுப் பேசி, எழுதியதை அவர்கள் கையாலேயே அழிக்கவைக்க வேண்டும். இதுதான் இனி இன்டர்ன் அக்காவின் வேலை. பயிற்சிக் கடிதத்தில் இப்படி ஒரு வேலை எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

"நான் பேசினா 'மேனேஜரக் கூப்பிடு'ங்கறாங்க. நீங்க பேசினா அழறாங்க அக்கா. அழுதுட்டு அழிச்சிடறாங்க. உங்க குரல் நம்ம சொத்து" என்றாள் மேடம்.

அதற்கு முறைகள் உண்டு. முதலில் நலம் விசாரிக்க வேண்டும். குறுக்கே பேசக்கூடாது. எவ்வளவு திட்டினாலும் "புரியுதுங்க" என்று மட்டும் சொல்ல வேண்டும். மன்னிப்பு என்ற சொல் வாயிலிருந்து வரவே கூடாது. வந்தால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று மருத்துவமனை வக்கீல் சொல்லியிருக்கிறார். ஆள் கொட்டித் தீர்த்து ஓய்ந்த பிறகு மெதுவாக, "நீங்க சொன்னத நாங்க எடுத்துக்கிட்டோம். இனிமே அது அங்க இருக்கணுமாங்க?" என்று கேட்க வேண்டும். பத்தில் ஏழு பேர் அழித்துவிடுவார்கள். பாவம், அவர்களுக்கு வேண்டியதெல்லாம் காதுகொடுக்க ஓர் ஆள்.

அந்தக் காதுதான் தேய்ந்துபோனது. நாளெல்லாம் அடுத்தவர் வீட்டு அழுகை, ஆத்திரம், சாபம். ஹெட்போனைக் கழற்றினால் காது மடல் சுடும். வீட்டுக்கு வந்தால் மகள் ஏதோ சொல்லுவாள், கணவர் ஏதோ சொல்லுவார். இவள் எங்கேயோ பார்த்துக்கொண்டு "புரியுதுங்க" என்பாள். "என்னடி, நானும் ஒத்த ஸ்டார் கேஸா?" என்று அவர் ஒருநாள் கடுப்படித்தார். சொந்தக்காரர்கள் கூப்பிட்டால் போனைத் திருப்பிக் கவிழ்த்துவிடுவாள். சித்தி கூப்பிட்டபோதும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை பேசிக்கலாம் என்று நினைப்பாள். ஞாயிற்றுக்கிழமைகள் வந்து வந்து போயின.

சித்தி என்றால் ஏதோ தூரத்து உறவு இல்லை. அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. கல்லூரிக் காலம் முழுக்க இவள் இருந்தது அவர்கள் வீட்டில்தான். மழை வந்தால் பஸ் நிறுத்தத்தில் குடையோடு நிற்பவர் சித்தப்பா. மின்கம்பம் ஏறுகிற வேலை அவருக்கு. முப்பது வருஷம் ஏறி ஒருநாளும் விழாத மனுஷன். போன மாதம் வயிற்றில் ஏதோ கல் என்று ஆபரேஷன் ஆகி, அப்புறம் பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, அரைமணி நேரம் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, நாலு ஆப்பிளை வைத்துவிட்டு வந்தாள். எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பாத்ரூம் என்று கேட்கவில்லை. யார் வீட்டுக் கதையையும் கேட்கிற தெம்பு அன்றைக்கு இல்லை. அவர்களும் சொல்லவில்லை.

இந்த வேலையில் பழகிவிட்டால் ஒரு கெட்ட வழக்கம் வந்துவிடும். எழுதியதை முழுக்கப் படிக்க மாட்டார்கள். முதல் வரி, வார்டு, தேதி, அவ்வளவுதான். அதைக் கொடுத்தால் பதிவுப் பிரிவிலிருந்து போன் நம்பர் மட்டும் வந்துவிடும். மீதியை அந்த ஆளே அழுதுகொண்டு சொல்லிவிடுவார், பிறகு எதற்குப் படிப்பது? இன்டர்ன் அக்காவும் முதலில் எல்லாவற்றையும் படித்தவள்தான். படித்தால் தூக்கம் போகிறது என்று நிறுத்தினாள்.

ஆறாவது மாதம். மதியம் இயக்குநர் கூட்டம். நட்சத்திரச் சராசரி ஒரு படி ஏறிவிட்டால், அவளுடைய நிரந்தர உத்தரவும் அதே கூட்டத்தில் கையெழுத்தாகும் என்று மேடம் சொல்லியிருந்தாள். இன்னும் ஒன்றே ஒன்று அழிந்தால் போதும். ஒரு பெரிய புகார், நீளமாக, நிறையப் பேர் பார்த்தது. போட்டவர் பெயர் இருக்கிற இடத்தில் ஒரு ரோஜாப் பூப் படம். முதல் வரி, "நல்ல ஆஸ்பத்திரி என்று நம்பித்தான் வந்தோம்." எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். அவள் நம்பரை அழுத்தினாள். மேடம் பின்னால் வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வணக்கம்மா. ஆஸ்பத்திரிலேர்ந்து பேசறேன். ஐயா இப்ப எப்படி இருக்காங்க?"

"அடியே, நீயா! என்னடி அம்மா, ஐயாங்கறே? கிண்டலா?" சித்தியின் குரல். "இப்பதான் எங்க நெனப்பு வந்துச்சா உனக்கு? ஏங்க, யாரு போன்ல பாருங்க! ஆபீஸ்ல இருந்துக்கிட்டே உங்கள விசாரிக்கறா!"

தூரத்தில் சித்தப்பா ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. போனை வைத்துவிட்டிருக்கலாம். சும்மாதான் கூப்பிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். முதுகுக்குப் பின்னால் மேடம் மூச்சுவிடுவது கேட்டது.

"சித்தி, கொஞ்சம் வெளில வந்து பேசுங்களேன்."

செருப்புச் சத்தம், கதவுச் சத்தம். "என்னடி, ஏதாவது பிரச்சினையா?"

"போன்ல எங்க ஆஸ்பத்திரியப் பத்தி ஒண்ணு போட்டிருக்கீங்க இல்ல?"

"அதுவா?" சித்தியின் குரல் இறங்கிவிட்டது. "அத நீதான் பாக்கறியா? உன்கிட்ட வருமுன்னு தெரியாதுடி. அங்க சேர்த்ததையே உன்கிட்ட சொல்லல. புதுசா வேலைக்குப் போற புள்ளைகிட்டப் போய் சிபாரிசு கேக்கற மாதிரி ஆயிடும்னு சித்தப்பாதான் வேண்டாம்னுட்டார். அதனால உன் வேலைக்கு ஏதாவது ஆகுமா?"

இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது. இந்த உலகத்தில் வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அவள், "ஆமா சித்தி" என்றாள்.

"அப்போ அழிச்சிடறேன். எப்படின்னு சொல்லு. போடத்தான் கத்துக்கிட்டேன், எடுக்கத் தெரியாது."

சொல்லிக்கொடுத்தாள். மேலே மூணு புள்ளி இருக்கா, அத அமுக்குங்க. கீழ வருதா. அது இல்ல, அதுக்கு அடுத்தது. அழிக்கவான்னு கேக்குதா.

"கேக்குது."

"ஆமான்னு குடுங்க."

"போயிடுச்சுடி." சித்தி குரலைத் தாழ்த்தினாள். "சித்தப்பாகிட்ட வாய விட்டுடாத. அவர் படுத்துக்கிட்டே சொல்லச் சொல்ல நான் ஒத்த விரலால அடிச்சது. தினம் சாயங்காலம் படிக்கச் சொல்லிக் கேப்பார். அது ஒண்ணுதான் அவருக்கு இப்போ. சரி விடு, நான் பாத்துக்கறேன். நீ சாப்பிட்டியா?"

சாயங்காலம் உத்தரவு கைக்கு வந்தது. கலர் ஒரு பச்சை நிற வாழ்த்து அட்டை வரைந்து கொடுத்தான். "சொந்தக்காரங்கன்னா இன்னும் ஈஸியாயிடுச்சு பாத்தீங்களா அக்கா" என்று மேடம் தோளைத் தட்டினாள். அவள் கெட்டவள் இல்லை, அவளுக்கும் மேலே பத்துப் பேர். வீட்டில் கணவர் முதல்முறையாகக் கேலி பண்ணாமல் கைகொடுத்தார். இத்தனை நாள் ஏங்கிய காகிதம். அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தாள், சந்தோஷம் மட்டும் வரவில்லை. சே, என்ன பிழைப்பு இது என்றுதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனாள். கூடத்திலேயே கட்டில் போட்டிருந்தார்கள். பக்கத்தில் நடப்பதற்குப் பிடித்துக்கொள்ளும் கம்பிச் சட்டம். சித்தப்பா பாதியாக இளைத்திருந்தார். இவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"வாடா கண்ணு. உன் ஆஸ்பத்திரியப் பத்தி எழுதிட்டேன், தெரியுமா? கோச்சுக்காத. உனக்குச் சொல்ல வேண்டாம்னு சித்தி சொன்னா. எனக்குத்தான் மனசு கேக்கல."

சமையலறை வாசலில் நின்ற சித்தி, இவளைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினாள்.

"அங்க யாராவது படிச்சாங்களா?" என்றார் சித்தப்பா.

"படிச்சாங்க சித்தப்பா."

"யாரு?"

"மேல இருக்கறவங்க."

"முழுசாவா?" அவர் கொஞ்சம் நிமிர்ந்தார். "மன்னிப்புக் கேக்கணும்னு எழுதல பாரு. நஷ்டஈடும் கேக்கல. படிச்சா போதும். இன்னொருத்தனுக்கு ஆகாம இருந்தா சரி. அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லலையே?"

"எந்தப் பொண்ணு?"

சித்தப்பா அவளை ஒரு மாதிரி பார்த்தார். "எழுதியிருக்கேனேடா. அந்த நர்ஸ் பொண்ணு."

"காபி ஆறுது, காபி ஆறுது" என்று சித்தி பாய்ந்து வந்தாள். அவர் காபியைக் குடித்துவிட்டு, வழக்கம்போல, "எங்க, படி" என்றார். சித்தி போனைக் கையில் எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "நல்ல ஆஸ்பத்திரி என்று நம்பித்தான் வந்தோம்" என்று ஆரம்பித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்குத் திரை தெரிந்தது. அதில் அலார மணி வைக்கிற பக்கம் திறந்திருந்தது. சித்தி ஒவ்வொரு வாக்கியமாக மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், நடுவில் விரலால் திரையைத் தள்ளுவதுபோலத் தள்ளி. சித்தப்பா கண்ணை மூடிக் கேட்டார். "ஒரு வரி விட்டுட்ட" என்றார் ஓரிடத்தில். "ஆமாங்க, கண்ணு சரியாத் தெரியல" என்றாள் சித்தி.

இவளால் அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. அவசர வேலை என்று பாதியில் எழுந்து வந்துவிட்டாள். தெருவில் நடக்கும்போது அழுகை வந்தது, அதற்கும் தெம்பில்லாமல் பஸ் ஏறினாள்.

அழிக்கச் சொல்லுமுன் எல்லாப் புகாரையும் ஒரு பிரதி எடுத்துக் கணினியில் வைத்துக்கொள்வது அவர்கள் பிரிவின் வழக்கம். திங்கட்கிழமை காலை யாரும் வருமுன் வந்து அதைத் திறந்தாள். முதல் வரியைத் தாண்டி, முதல் தடவையாக, இரண்டாவது வரியைப் படித்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, மருத்துவருக்கு நன்றி என்று இரண்டாவது வரி இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் மனைவி மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோது பாத்ரூம் போக வேண்டியிருந்தது. மணியை அடித்தேன். யாரும் வரவில்லை. மறுபடி அடித்தேன். படுக்கையை நனைத்துவிடுவேனோ என்று வெட்கமாக இருந்ததால் நானே எழுந்து போனேன், விழுந்தேன். எழ முடியவில்லை. கத்தினேன். அந்த நர்ஸ் பொண்ணு இரண்டு வார்டுக்கு ஒரே ஆளாக ஓடிக்கொண்டிருந்தாள், அவளைத் திட்டாதீர்கள், பார்த்ததும் என்னைவிட அதிகமாக அழுதவள் அவள்தான். இன்னொரு ஆளைப் போடுங்கள். நான் தரையில் கிடந்த நேரமெல்லாம் வெளியே டிவியில் உங்கள் விளம்பரம் திரும்பத் திரும்ப ஓடியது. இங்கே நீங்கள் தனியாக இல்லை என்று ஒரு குரல். அது எங்கள் வீட்டுப் பெண்ணின் குரல். அவள் உங்களிடம்தான் வேலை பார்க்கிறாள், கெட்டிக்காரி. அவள் பெயரைச் சொல்லிக்கூடக் கூப்பிட்டுப் பார்த்தேன். டிவிக்கு எப்படிக் கேட்கும்?

சலவைக்கூடத்தில் இயந்திரங்கள் ஓட ஆரம்பித்தன. அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு தன் போனை எடுத்தாள். தன் சொந்தப் பெயரில், தன் படத்தோடு, ஒரே ஒரு நட்சத்திரம் போட்டாள். சித்தப்பா சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் அடித்தாள். மேலே தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தாள்: "இது என் சித்தப்பா சொன்னது. இதை அழிக்கச் சொன்னவள் நான்தான்."

மேடம் அலுவலகம் வந்த பத்தாவது நிமிஷம் போனோடு எதிரே நின்றாள். "அக்கா, என்ன இது? உங்களுக்குப் பைத்தியம் கியித்தியம் பிடிச்சுப்போச்சா?"

"படிச்சீங்களா மேடம்?"

"படிச்சேன். அதாவது, மேல பாத்தேன்." மேடம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "அக்கா, ப்ளீஸ். எடுத்துடுங்க. மேல நான் சமாளிச்சுக்கறேன். நீங்க இவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கின வேலை."

"இதப் போட்ட அம்மாகிட்ட நானே பேசிப் பாத்துட்டேன் மேடம். மசியமாட்டேங்கறா."

கலர் சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டான். மேடம் சிரிக்கவில்லை. இவள் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். வைத்த பிறகும் அதன் நாடாவை ஒரு தடவை நேராக்கிவிட்டாள்.

"முழுசாப் படிங்க மேடம். அது ஒண்ணுதான் கேக்கறேன்."

"மாடியில ஓடற வீடியோவுல உங்க குரல்..." என்று மேடம் இழுத்தாள்.

"எடுத்துடுங்க."

அங்கிருந்து நேரே சித்தி வீட்டுக்குப் போனாள். கதவு சும்மா சாத்தியிருந்தது. சித்தி மாத்திரை வாங்கப் போயிருக்கிறாள் என்றார் சித்தப்பா. "என்னடா, வேலை நாளும் அதுவுமா?"

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். நடந்த எல்லாவற்றையும் சொன்னாள். சித்தியைக் கூப்பிட்டு அழிக்கச் சொன்னதை, சித்தி அவருக்காக வெறும் போனை வைத்துக்கொண்டு ஒப்பித்ததை, இன்று மறுபடி போட்டதை, வேலையை விட்டதை. சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எல்லாம் சரி. நீ எப்போ படிச்சே?"

"இன்னிக்குக் காலைல சித்தப்பா."

"அப்போ அன்னிக்கு அழிக்கச் சொன்னது?"

"படிக்காமத்தான் சொன்னேன்."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். கண் ஓரத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவில்லை. பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கிற தைரியத்தில் இல்லை.

வெகுநேரம் கழித்து அவர் தொண்டையைச் செருமினார். "சித்தி வர நேரமாகுமா?"

"தெரியல சித்தப்பா. ஏன்?"

"பாத்ரூம் போகணும்."

சித்தியைத் தவிர வேறு யாரையும் அதற்கு அவர் விட்டதில்லை. பெற்ற மகன் வந்திருந்தபோதுகூட அடக்கிக்கொண்டு கிடந்தார் என்று சித்தி சொல்லியிருந்தாள். இவள் எழுந்து கம்பிச் சட்டத்தை அருகே இழுத்தாள். அவர் அதைப் பிடிக்கவில்லை. கையை இவள் பக்கம் நீட்டினார்.

"பிடிச்சுக்கோ. வாசல்ல வழுக்கும், அங்க மட்டும் விட்டுடாத."

"விடமாட்டேன் சித்தப்பா" என்று சொல்லி, அவர் தோளுக்கடியில் தன் தோளைக் கொடுத்துத் தூக்கினாள்.